அப்பா கொடுத்த பாட்டில்

எங்கள் குவார்ட்டர்ஸில் என் வேலையை விளக்கிச் சொல்வது, அந்த வேலையைச் செய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. பைபாஸ் ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள். அந்த நேரத்தில் உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயுவைச் சேர்த்து, மறுபடி உடம்புக்குள் அனுப்ப ஒரு மெஷின் உண்டு. அதை ஓட்டுவது என் வேலை. பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆவடியில் இதைச் சொன்னால் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "மெஷின் ஆபரேட்டரா? ஓவர்டைம் உண்டா?" கேட்பவர்கள்மேல் தப்பில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடி வீடு எல்லாமே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஏதோ ஒரு மெஷினை ஓட்டுகிறவர்களின் வீடுகள். அவர்களுக்கு நான் இன்னொரு ஷிப்ட் ஆள், அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனதே இந்த மெஷினால்தான். எண்பதுகளின் நடுவில் நான் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். அப்பாவின் ஒரே அண்ணனான பெரியப்பா எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்குத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை, பருத்திப்பட்டில் சொந்த மனை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, காபிகூட அரை டம்ளர்தான். அந்த அரை டம்ளர் காபியைப் பெரியப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அதே வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைப் பயிற்சிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நான் போகிறேன் என்றேன். அப்பா வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"மெஷின் ஓட்டறதுக்கா பொண்ணை அனுப்பப்போற? நானும் நீயும் ஆயுசுக்கும் ஓட்டிகினு கீறது பத்தாதா?" என்றார் பெரியப்பா.

"உன் மெஷின் நின்னா நீ டீ குடிக்கப் போவ. இவ மெஷின் நின்னா ஆளு போயிடுவான்" என்றார் அப்பா.

அப்பா என்னைப் பெருமையாகத்தான் சொன்னார். பெரியப்பாவுக்கு அதில் தன் வேலையைப் பற்றிய இளக்காரம் மட்டும் கேட்டது. எழுந்து போனவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வாசலை மிதிக்காமல் இருப்பது சுலபம். ஆனால் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, அடுத்தடுத்த பட்டறை, ஒரே சைக்கிள் ஸ்டாண்டு. எதிரெதிரே வந்துவிட்டால் இருவரில் ஒருவர் சட்டென்று குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். மற்றவர் கடந்து போகும்வரை அழுத்திக்கொண்டே இருப்பார். அந்த வருஷங்களில் ஆவடியிலேயே அதிகமாகக் காற்றுப் பார்க்கப்பட்ட சைக்கிள்கள் எங்கள் குடும்பத்துடையவைதான். வெளியுறவுத் துறையை அம்மாவும் பெரியம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். காய்கறி மார்க்கெட்டில் சந்தித்து, கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே யாருக்கு என்ன உடம்பு, யாருக்கு என்ன கோபம் என்று பரிமாறிக்கொள்வார்கள்.

பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த செய்தியும் அந்த வழியாகத்தான் வந்தது. தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பட்டணத்தில் படம் எடுக்க அனுப்பினார்கள். மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். மெட்ராஸில் இத்தனை ஆஸ்பத்திரிகள் இருக்க, அவர்கள் எழுதிக்கொடுத்தது நான் வேலை பார்க்கும் இடத்துக்கு. வேறு இடம் கிடையாதா என்று பெரியப்பா கேட்டாராம். காத்திருந்தால் கிடைக்கும், ஆனால் காத்திருக்க உங்கள் நெஞ்சு இடம்கொடுக்காது என்றார்களாம்.

மெஷின் ஓட்ட எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டே பேர். என்னோடு இருந்தவருக்கு அந்த வாரம் பார்த்து அம்மை போட்டுவிட்டது. நோயாளி என் பெரியப்பா என்று எங்கள் தலைமை டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "மெஷினுக்குப் பெரியப்பா சித்தப்பா எல்லாம் தெரியாதும்மா. உனக்கும் தெரியாம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எந்த நோயாளியாக இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன் நான் போய் உயரமும் எடையும் பார்க்க வேண்டும். அந்த உடம்புக்கு எவ்வளவு ரத்தம் ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட அது தேவை. வார்டுக்குப் போனேன். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்தில் பெரியம்மா இருந்தார்.

"வெயிட் எவ்ளோன்னு கேளு பெரிம்மா" என்றேன்.

பெரியம்மா கேட்டார். பெரியப்பா ஜன்னலிடம் பதில் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். உயரத்தையும் இதே மாதிரி சுற்றுவழியில் வாங்கினேன். கிளம்பும்போது அவரே ஜன்னலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"நடுவுல கரண்ட் போயிட்டா இன்னா பண்ணுவாங்களாம்?"

ஆவடிக்காரரின் நியாயமான கவலை. "பேட்டரி கீது. அதுவும் போயிட்டா கையால சுத்தறதுக்குக் கைப்பிடி கீது பெரிப்பா" என்றேன், நேராக.

"யாரு சுத்துவாங்க?"

"நான்தான்."

அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி ஜன்னலிடம் போய்விட்டார்.

இனி ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பைபாஸ் என்றால் ரத்தம் கொடுக்க ஆள் சேர்ப்பதே ஒரு திருவிழா. ஆவடியில் அதற்கென்று ஒரு முறையே இருந்தது. யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால் அவருடைய செக்‌ஷன் ஆட்கள் பர்மிஷன் போட்டுவிட்டு ஒரு வேன் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். வரிசையாகப் படுத்து ரத்தம் கொடுப்பார்கள். ஜூஸும் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்வார்கள். மாடிக்குப் போய் நோயாளியைப் பார்த்து, "இன்னாத்துக்கு மாமே பயப்படற? எங்க ரத்தம் உள்ள வரப்போவுது" என்று தைரியம் சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். மனசாரக் கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர்கள் புரிந்துகொண்டிருந்த விதம்தான் தப்பு. கொடுத்த பாட்டில் நேராக மாடிக்குப் போய் அந்த நோயாளியின் கையில் ஏறுகிறது என்பது எல்லோருடைய நம்பிக்கை. உண்மையில் அது ரத்த வங்கியின் பொதுக் கையிருப்பில் சேரும். எந்த ரத்தப் பிரிவோ அந்தப் பிரிவுக்காரருக்கு, யாருக்குத் தேவையோ அவருக்குப் போகும். நம் ஆளுக்கு வேண்டுமானால் கையிருப்பிலிருந்து அவர் பிரிவு ரத்தம் எடுத்துக் கொடுப்பார்கள். இதை நான் குவார்ட்டர்ஸில் பலமுறை விளக்கியிருக்கிறேன். "அதான் நாங்களும் சொல்றோம்" என்பார்கள்.

எங்கள் தலைமை டாக்டர் இதற்கு நேர் எதிர். அவருக்கு அடுத்தவர் ரத்தம் என்றாலே ஆகாது. ரத்தத்தை விற்றுப் பிழைக்கிறவர்கள் ஊரில் நிறைய இருந்த காலம் அது. ஆபரேஷன் பிரமாதமாக முடிந்து, ஏற்றிய ரத்தத்தால் காமாலை வந்து படுத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். புதிதாக எய்ட்ஸ் பயமும் சேர்ந்துகொண்டது. அதனால் நோயாளியின் ரத்தத்தை வைத்தே நோயாளியைப் பிழைக்கவைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ரத்த விஷயத்தில் அப்படி ஒரு கஞ்சனை நான் பார்த்ததில்லை. தரையில் ஒரு சொட்டு விழுந்தால்கூட முகம் சுருங்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வேன் வந்தது. அதிலிருந்து முதலில் இறங்கியவர் என் அப்பா. பெரியப்பாவின் செக்‌ஷன் ஆள் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. காலையில் வேன் கிளம்பும் இடத்தில் போய் நின்றிருக்கிறார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். எல்லோருக்கும் அண்ணன் தம்பி கதை தெரியும் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். ரத்த வங்கியில் முதல் கட்டிலில் படுத்ததும் அவர்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முழங்கையில் பஞ்சை வைத்து மடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மேல வந்து பெரிப்பாவைப் பாருப்பா" என்றேன்.

"அதெல்லாம் வாணாம். நான் வந்தது அவருக்குத் தெரியக்கூடாது."

வேன் நிறைய ஆவடி ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற நினைத்தார் என் அப்பா. அடுத்த கால்மணி நேரத்தில் மாடியில் பெரியப்பாவின் கட்டிலைச் சுற்றி ஒரே குரலாகக் கேட்டது: "மொத ஆளா படுத்தது யார் தெரியுமா? உன் தம்பி!"  பெரியப்பா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாராம். அந்தப் போர்வைக்குள் அழுதார் என்று பெரியம்மா பிறகு அம்மாவிடம் சொன்னார், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே.

மறுநாள் காலை ஆபரேஷன். முதல் வேலையாக, மெஷினில் இணைப்பதற்கு முன்பே, மயக்க டாக்டர் பெரியப்பாவின் சொந்த ரத்தத்திலிருந்தே ஒரு பை எடுத்துத் தனியாக வைத்துவிட்டார். கடைசியில் அவருக்கே திருப்பிக் கொடுக்க. அடுத்து என் மெஷின். அதன் குழாய்கள் காலியாக இருந்தால் உள்ளே காற்று போய்விடும், ஆகவே எதையாவது நிரப்பியாக வேண்டும். பழைய முறையில் ரத்தத்தை நிரப்புவார்கள். எங்கள் டாக்டர் உப்பு நீரைத்தான் நிரப்பச் சொல்வார். அது நோயாளியின் ரத்தத்தோடு கலக்கும்போது ரத்தம் நீர்த்துப்போகும். கூடவே உடம்பையும் குளிரவைப்போம். குளிர்ந்த உடம்புக்குப் பிராணவாயுத் தேவை குறைவு. குளிரில் கெட்டி ரத்தத்தைவிட நீர்த்த ரத்தம் தடையில்லாமல் ஓடும். நெஞ்சுக்குள் கசியும் ரத்தத்தையும் உறிஞ்சி மெஷினுக்கே கொண்டுவந்துவிடுவோம். விருந்தாளி வந்ததும் ரசத்தில் தண்ணீர் விட்டுச் சமாளிக்கிற வீட்டை எல்லோரும் பார்த்திருப்போம். எங்கள் ஆபரேஷன் தியேட்டரும் அப்படிப்பட்ட வீடுதான். ஒரே வித்தியாசம், ரசம் ஓர் அளவுக்குமேல் தண்ணீரானால் விருந்தாளி முகம் சுளிப்பார். இங்கே விருந்தாளியே போய்விடுவார்.

பெரியப்பாவின் இதயம் நின்றது. என் மெஷின் ஓடியது. மனிதர் அத்தனை வருஷம் வெறுத்த அந்த மெஷின்தான் இப்போது அவர். இதை நினைத்துச் சிரிக்க எனக்கு நேரமில்லை. முதல் குழாயைத் தைத்துக்கொண்டிருந்தபோது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே நீர்த்திருந்தது. மயக்க டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு தலைமை டாக்டரைப் பார்த்தார்.

"சார், ஒரு பாட்டில் வரவழைச்சிடலாமா?"

தலைமை டாக்டர் தையலிலிருந்து தலையைத் தூக்காமல் என்னிடம் கேட்டார்: "பம்ப் என்னம்மா சொல்லுது?"

அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அழுத்தத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதை எனக்குப் பயிற்சிக்கு முன்பே எங்கள் குவார்ட்டர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும். எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். ரத்தமும் அப்படித்தான். பெரிய குழாயில் ஓடுவது வேறு, மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மூலைமுடுக்குத் திசுக்களுக்குப் போய்ச்சேருவது வேறு. போய்ச்சேருகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு சாட்சிகள். ஒன்று, உடம்பைச் சுற்றிவிட்டு மெஷினுக்குத் திரும்பும் ரத்தத்தின் நிறம். அது ரொம்பக் கறுத்து வந்தால் உடம்பு பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். மற்றது, கட்டிலுக்கு அடியில் தொங்கும் சிறுநீர்ப் பை. சிறுநீரகத்துக்கு ரத்தம் போனால் சொட்டும், போகாவிட்டால் சொட்டாது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. பையில் சொட்டுவது நின்றிருந்தது.

"கொஞ்ச நேரம் கொடுங்க சார். ஓட்டத்தைக் கூட்டிப் பார்க்கிறேன்" என்றேன்.

ஓட்டத்தை ஏற்றினேன். உடம்பு இன்னும் ஒரு படி குளிரட்டும் என்று குளிர்ந்த நீரைத் திருப்பினேன். பிறகு குனிந்து அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பாட்டில் வரவழைப்பதில் ஒரு தப்பும் இல்லை, டாக்டர் திட்டவும் மாட்டார், தேவை என்றால் தேவை. ஆனால் தேவையில்லாமல் ஏற்றி அவருக்குக் காமாலை வந்தால்? தேவைப்பட்டும் ஏற்றாமல் விட்டு அவர் கண் திறக்காமலே போனால்? அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பேன்? என்னோடு பேசவே மாட்டேன் என்று இருந்த ஒரு மனிதர் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று இருக்கிற தெய்வங்களை எல்லாம் வேண்டிக்கொண்டேன். குடும்பத்தில் யாருக்கும் இந்த மாதிரி ஒரு வேண்டுதல் இருந்திருக்காது.

திரும்பி வரும் ரத்தம் மெல்லச் சிவந்தது. பையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு விடாமல் சொட்டியது.

"போகுது சார்" என்றேன். 

"அப்போ பாட்டில் வேண்டாம்" என்றார் தலைமை டாக்டர், ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மூன்று குழாய்களும் தைத்து முடிந்தன. உடம்பைச் சூடாக்கினோம். இதயம் முதலில் சோம்பேறித்தனமாக நெளிந்து, பிறகு தன் வேலையை எடுத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தினேன். மெஷினுக்குள் மிச்சமிருந்ததைக் கடைசிவரை அவருக்கே திருப்பிக் கொடுத்தோம். காலையில் எடுத்துவைத்த அவருடைய பையையும் ஏற்றினோம். ஐ.சி.யு.விலும் அதிகமாகக் கசியவில்லை. வார்டுக்குப் போகும்வரை அடுத்தவர் ரத்தம் ஒரு சொட்டுகூட அவர் உடம்பில் ஏறவில்லை. தலைமை டாக்டர் தியேட்டரில் எல்லோர் முன்னாலும், "இந்தக் கேஸ் இவளோடது" என்றார். யாரையும் எளிதில் பாராட்டாத மனிதர். அன்றைக்கு எலக்ட்ரிக் ரயிலில் நின்றுகொண்டேதான் வந்தேன், ஆனால் நின்றதே தெரியவில்லை. வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. குளித்தபோதுகூட அதை நனையவிடவில்லை என்று அம்மா பிறகு சொன்னார்.

"நல்லா கீறாரா?"

"நல்லா கீறாருப்பா."

"என் பாட்டிலை ஏத்துனாங்களா?"

கேட்டுவிட்டு, பிளாஸ்திரியை விரலால் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி நின்றார். நான் அடுக்கிவைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் ரயிலிலேயே தங்கிவிட்டன.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சுப்பா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று உள்ளே போய்விட்டார். அவருக்கு என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

பெரியப்பா டிஸ்சார்ஜ் ஆகி சேக்காட்டில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனார். நடக்கலாம் என்று சொன்ன முதல் வாரமே ஆட்டோ வைத்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று, "உன் ரத்தம்தான்டா என்னை இங்க இட்டாந்துச்சு" என்றார். அப்பா, "வெளியவே நின்னுகினு கீறியே, ஊட்டுக்குள்ள வாண்ணா" என்றார். இவ்வளவுதான் சமாதானம். அம்மாவும் பெரியம்மாவும் அழுதார்கள். நானும் அழுதேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அழுகையில் கொஞ்சம் எரிச்சலும் கலந்திருந்தது.

ஏனென்றால் அதற்குப் பிறகு அப்பாவின் ஆட்டம் தாங்கவில்லை. பெரியப்பா ஆயுசில் தொடாத பாகற்காயை டாக்டர் சொன்னார் என்று சாப்பிட ஆரம்பித்தால், "பார்த்தியா, என் ரத்தம். எனக்குப் பாவக்கா பிடிக்குமில்ல?" பெரியப்பா கோபத்தில் கத்தாமல் பேசினால், "என் ரத்தம் போனப்புறம்தான் நெதானம் வந்துகீது." பெரியப்பா ஒருமுறை தூக்கத்தில் குறட்டை விட்டார். அதற்கும் அப்பா பொறுப்பு ஏற்றுக்கொண்டார். வேனில் வந்த மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பெரியப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்து, சம்பந்தி வீட்டாரிடம் "நம்ம ரத்த சொந்தம்" என்று அறிமுகப்படுத்தினார். இன்னொருவர் யூனியன் தேர்தலில் நின்றுகொண்டு, "அண்ணாத்தே, என் ரத்தமே எனக்கு ஓட்டுப் போடலன்னா எப்படி?" என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு சொட்டும் வாங்காத மனிதர் அத்தனை பேருக்கும் நன்றிக்கடன் பட்டு, தெருவில் போகவர வணக்கம் போட்டுக்கொண்டிருந்தார்.

மெஷினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெரியம்மா ஒருமுறை என் தட்டில் வடை வைத்துக்கொண்டே, "உங்கப்பா மட்டும் ரத்தம் குடுக்கலன்னா இவரு இன்னிக்கு இல்ல" என்றார். வடையை மென்று விழுங்கினேன். என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகச் செய்த வேலை எதுவோ, அது நடக்கவேயில்லை என்ற அஸ்திவாரத்தின்மேல் எங்கள் குடும்பம் ஒன்றுகூடி வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பேர் கிடைக்கும், அண்ணனும் தம்பியும் மறுபடி டயரை அழுத்தப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் நான் கடைசிவரை ஆபரேட்டர். பலநாள் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்துப் பெரியப்பாவை செக்கப்புக்கு நான்தான் கூட்டிப்போனேன். தலைமை டாக்டர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். தழும்பைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், திருப்தியாகத் தலையாட்டினார். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "எல்லாம் உங்க கைராசி, என் தம்பி ரத்தம்" என்றார்.

"தம்பி ரத்தமா?" டாக்டர் சிரித்தார். "உங்களுக்கு யார் ரத்தமும் ஏத்தலையே! ஒரு பாட்டில்கூட இல்லை. உங்க ரத்தத்தையே பத்திரமா வெச்சிருந்து உங்களுக்கே திருப்பிக் கொடுத்துட்டா உங்க பொண்ணு. சொல்லலையா?"

நான் தரையைப் பார்த்தேன். இத்தனை நாள் நான் ஏங்கிய பாராட்டு அது. அந்த நிமிஷம் அது வராமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது. பெரியப்பா கும்பிட்ட கையை மெதுவாக இறக்கினார்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.  அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். போச்சு, பழையபடி ஜன்னல்தான் என்று நினைத்தேன். கொரட்டூர் தாண்டியதும் திரும்பினார்.

"அன்னிக்கு நடுவுல கரண்ட் போச்சா?"

"இல்ல பெரிப்பா."

"போயிருந்தா?"

"சுத்தியிருப்பேன்."

மறுபடியும் என் கையைப் பார்த்தார். அம்பத்தூரில் கூட்டம் ஏறி, இறங்கி, வண்டி கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அரை டம்ளர் காபிப் பையனைக் கட்டிகினு போயிருந்தா எனக்கு யாரு சுத்தியிருப்பா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.  போதும், இது போதும் என்று மட்டும் இருந்தது. ஆனால் ஆவடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் அப்பா காத்திருப்பார்.

காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாருண்ணா?"

பெரியப்பா நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் ரத்தம் கொஞ்சம் தண்ணியா கீதாம்டா. கீரை துன்னச் சொன்னாரு."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தண்ணியா? என் ரத்தமா? ஆயுசுக்கும் கேழ்வரகு துன்ன ஒடம்பு இது! அந்த டாக்டருக்கு இன்னா தெரியும்?"

"அதான் நல்லா ஓடிகினு கீதே, வுடு" என்றார் பெரியப்பா.

அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கப் போனார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பெரியப்பா என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்போ அவன் குடுத்த பாட்டிலு யாருக்குப் போயிருக்கும்?"

"தெரியாது பெரிப்பா. யாரோ ஒருத்தருக்கு."

"பாவம். அந்த ஆளு இன்னேரம் எந்த அண்ணன்கிட்ட பேசாம சைக்கிளுக்குக் காத்து பார்த்துகினு கீறானோ."

எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. "ஏறுண்ணா, கேரியர்ல உக்காரு" என்றார். பெரியப்பா உடனே உட்காரவில்லை. நெஞ்சுத் தழும்பின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, பின் டயரை அழுத்திப் பார்த்தார்.

"கீதுடா, போலாம்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.